வலிக்கும் கண்ணும் பார்க்காத கண்ணும்

ஃபெரெட் என்னும், பார்வைக்குக் கீரி போன்ற பிராணியை வளர்ப்பவர்களில் பலர் அதன் கண் விஷயத்தில் தலைகீழாக நடந்துகொள்கிறார்கள். கண்மணிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்துவிட்டால், ஐயோ குருடாகிவிடுமே என்று பதறி, அந்த நேரத்தில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று தேடுகிறார்கள். அதே பிராணி ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, சாப்பாட்டுக்கும் எழுந்து வராமல் போர்வைக்குள் சுருண்டு கிடந்தால், தூசி விழுந்திருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்துவிடுகிறார்கள். முதலாவது சில நாள் பொறுக்கும். இரண்டாவது விடியும் வரைகூடப் பொறுக்காமல் போகலாம். பார்வை போவது இந்தப் பிராணிக்கு நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிய துன்பமல்ல, கண் வலிப்பதுதான் துன்பம் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வசிப்பது வட இங்கிலாந்தின் யார்க்ஷயரில். முயல் வளைக்குள் ஃபெரெட்டை விட்டு, மற்ற வாய்களில் வலை கட்டிக் காத்திருக்கும் வேட்டை முறை இன்னும் அற்றுப்போகாத பகுதி இது. வேட்டைக்கு உதவாதவை, வளர்க்க முடியாமல் கைவிடப்பட்டவை, யாருடைய கூண்டிலிருந்தோ தப்பித் தெருவில் பிடிபட்டவை என வந்து சேர்பவற்றைத் தன்னார்வலர்கள் தம் வீடுகளில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அவற்றுள் எங்கள் வீடும் ஒன்று. ஊரிலிருந்து வரும் உறவினர் பார்த்தவுடன் கீரி என்பார்கள். கீரியல்ல, நீர்நாய் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. போல்கேட் எனப்படும் ஐரோப்பியக் காட்டு விலங்கை 2000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பழக்கி உருவாக்கிய வீட்டுப் பிராணி. ஆணை ஹாப் என்றும் பெண்ணை ஜில் என்றும் குட்டியைக் கிட் என்றும் இங்கே சொல்வார்கள்.

அதன் கண் மிகச் சிறியது. முன்னும் பின்னுமாக அளந்தால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்தான் இருக்கும். கண்மணி குறுக்குவாட்டில் நீண்டிருக்கும். அந்தியிலும் விடியலிலும் நடமாடும் விலங்கு என்பதால் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் செல்களே மிகுதி. நிறங்களை ஓரளவுதான் பிரித்தறியும். அருகில் ஓடும் எலியைப் பார்க்கும், ஆனால் அறையின் மறுகோடியில் அசையாமல் நிற்கும் மனிதரைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. உலகத்தை அது அறிந்துகொள்வது முதலில் மூக்கால், அடுத்தபடியாகக் காதால், அதற்கும் பிறகே கண்ணால். அல்பினோ வகையில் இந்த மூன்றாம் இடமும் ஆட்டம் காண்கிறது. நிறமி இல்லாததால் வெளிச்சம் கூசுவது மட்டுமல்ல, கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புப் பாதையே அவற்றில் மாறி அமைந்திருக்கிறது. நகரும் காட்சியைப் பின்தொடரும் திறன் அவற்றுக்கு மிகக் குறைவு என்பது ஆய்வுக்கூடங்களில் உறுதிப்பட்ட செய்தி. ஆனாலும் எங்கள் வீட்டு அல்பினோ ஜில்லான முத்துவை மற்றவற்றோடு ஓடவிட்டுப் பார்ப்பவர் எவரும் அவளுக்குக் கண்ணில் குறை என்று சொல்லமாட்டார்.

இதனால்தான் ஃபெரெட்டின் பார்வை போனது உரிமையாளருக்கு மாதக்கணக்கில் தெரியாமல் இருந்துவிடுகிறது. பழகிய அறையில் அது எப்போதும்போல் ஓடும், படியேறும், உணவுக் கிண்ணத்துக்கு நேராக வந்து நிற்கும். சோபாவை இடம் மாற்றிய அன்றோ, புது வீட்டுக்குக் குடிபோன அன்றோதான் மூக்கை இடித்துக்கொண்டு விழிக்கும். முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்ப்பதிலும் பெரிய பயனில்லை. நன்றாகக் கண் தெரியும் ஃபெரெட்டே பல நேரம் அதற்கு இமைப்பதில்லை. ஒரு பஞ்சு உருண்டையை ஓசைப்படாமல் அதன் முன் விழவிட்டு, தலை திரும்புகிறதா என்று பார்ப்பது சற்று நம்பகமானது.

கண் கோளாறுகளில் முதலாவது, கண் திறப்பதற்கு முன்பே வரக்கூடியது. கிட்டுகள் இமை மூடிய நிலையில் பிறந்து, பிறந்த நான்கு ஐந்து வாரங்களுக்குப் பிறகே கண் திறக்கின்றன. இவ்வளவு முதிராத நிலையில் பிறப்பதால்தான் நரம்பியல் ஆய்வாளர்களுக்கு ஃபெரெட் மீது அத்தனை நாட்டம். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மிருகாங்க சுர் குழுவினர் பிறந்த கிட்டுகளின் பார்வை நரம்புகளைக் கேட்கும் பாதைக்குத் திருப்பிவிட்டு, செவிக்குரிய மூளைப் பகுதி ஒளியை உணரக் கற்றுக்கொண்டதை 2000-இல் வெளியிட்டார்கள். வீட்டில் கிட்டு வளர்ப்பவருக்கு வேண்டிய செய்தி வேறு. மூடிய இமைக்குள் நோய்த்தொற்று ஏற்பட்டுச் சீழ் கட்டினால் வெளியே ஒன்றும் வடியாது. இமை உப்பியிருப்பது மட்டுமே அடையாளம், கிட்டு பால் குடிப்பதையும் நிறுத்திவிடக்கூடும். இமை பிரியவேண்டிய கோட்டிலேயே மருத்துவர் அதை மெல்லப் பிரித்து, உப்புநீரால் கழுவி, மருந்திட வேண்டும். தானே திறக்கட்டும் என்று காத்திருந்தால், திறக்கும்போது உள்ளே கண் பழுதாகியிருக்கும்.

வளர்ந்தவற்றில் காயங்களே முதன்மை. ஃபெரெட் விளையாட்டு என்பது பாதி சண்டை. ஒன்றன் பிடரியை மற்றொன்று கவ்வி இழுத்துச் செல்லும். பிடரித் தோல் தடித்தது, அதனால் அங்கே ஒன்றும் ஆவதில்லை, ஆனால் உதைக்கும் கால் நகம் கண்ணில் பட்டால் தாங்காது. நகங்கள் பூனையுடையதைப் போல் உள்ளிழுத்துக்கொள்ளக் கூடியவை அல்ல. வெட்டாமல் விட்டால் ஊசிபோல் கூராகிவிடும். வேட்டைக்குப் போகும் ஃபெரெட்டுகளுக்கு முள்புதரும், வளைக்குள் மூலையில் மடக்கப்பட்ட முயலின் பின்னங்கால் உதையும் உண்டு. கூண்டுக்குள் இருப்பவற்றுக்கு வைக்கோல் நுனியும் மரச்சீவல் தூளும் போதும். நாளின் பெரும்பகுதி படுக்கைக்குள் முகம் புதைத்துத் தூங்கும் பிராணிக்கு வைக்கோல் படுக்கை போடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. பழைய போர்வைத் துணி போதும், துவைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் தெளிந்த படலமான கருவிழியின் கனம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். அதில் ஏற்படும் கீறல் வெறும் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். வெளியே தெரிவது கண்ணை இடுக்குவது, நீர் வடிவது, முன்னங்காலால் தேய்ப்பது, கண்ணின் உள்மூலையில் ஒளிந்திருக்கும் மூன்றாம் இமை பாதிக் கண்ணுக்கு ஏறி நிற்பது ஆகியவையே. இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுவதுதான் சரி.

முத்துவின் இடக்கண்ணில் மற்றொன்றின் நகம் பட்டபோது மருத்துவர் செய்ததை அருகிலிருந்து பார்த்தேன். ஃபுளோரசீன் என்னும் ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த காகிதக் கீற்றை உப்புநீரில் நனைத்து, கண்ணின் ஓரத்தில் தொட்டார். உடனே கழுவிவிட்டு, அறை விளக்கை அணைத்து, நீல ஒளியைக் காட்டினார். அல்பினோவின் சிவந்த கண்ணில், எள்ளளவு நீளத்துக்கு ஒரு கோடு பச்சையாக ஒளிர்ந்தது. கருவிழியின் மேல்தோல் முழுதாக இருக்கும் இடத்தில் சாயம் ஒட்டாது. தோல் பிய்ந்த இடத்தில்தான் பிடிக்கும். கோடு பச்சையாக இருப்பது ஒருவகையில் நல்லது என்றார் அவர். விளிம்பு மட்டும் பச்சையாகி நடுவில் கருமையாகத் தெரிந்தால், புண் கடைசிப் படலம் வரை இறங்கிவிட்டது, கண் எந்த நேரமும் துளைபடலாம் என்று பொருளாம். அந்தக் கடைசிப் படலத்தில் சாயம் பிடிப்பதில்லை.

இந்தச் சோதனை செய்யாமல் சொட்டு மருந்து எழுதிக் கொடுக்கும் இடங்களும் உண்டு. நண்பர் ஒருவரின் ஹாப்புக்கு, சிவந்திருக்கிறது என்பதற்காக ஸ்டீராய்டு கலந்த சொட்டு கொடுத்தனுப்பினார்கள். சிவப்பு இரண்டே நாளில் குறைந்தது, உள்ளே புண் ஆழமாகிக்கொண்டே போயிற்று. ஸ்டீராய்டு புண் ஆறுவதைத் தடுக்கும், கிருமியை வளரவிடும், அதே வேளையில் பார்ப்பவரை ஏமாற்றும்படி சிவப்பைத் தணித்துவிடும். ஆகவே சாயம் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. நாய் வைத்தியத்தில் தேர்ந்தவர்களும் ஃபெரெட்டில் தடுமாறும் இடம் இன்னொன்று: கண்ணீர் அளக்கும் தாள் நாயின் கண்ணில் நிமிடத்துக்கு 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நனைய வேண்டும், ஃபெரெட்டிலோ ஏறத்தாழ 5 மில்லிமீட்டரே இயல்பு. நாயின் அளவுகோலை வைத்தால் எல்லா ஃபெரெட்டும் கண் வறண்ட நோயாளிகளே.

மருத்துவரிடம் போய்ச் சேரும் வரை நாம் செய்யக்கூடியது சொற்பம். கிருமி நீக்கிய உப்புநீரால் கண்ணை அலசலாம். உள்ளே குத்தி நிற்கும் முள்ளையோ வைக்கோலையோ பிடுங்கக் கூடாது. கூட்டாளிகளிடமிருந்து பிரித்து, வெளிச்சம் குறைந்த இடத்தில் வைக்க வேண்டும். நம் வீட்டில் மிச்சமிருக்கும் மனிதருக்கான சொட்டு மருந்து வேண்டாம். ஊரில் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னால் நந்தியாவட்டைப் பூவை ஒற்றச் சொல்வார். அந்தக் குளிர்ச்சி மனிதருக்கு இதமாக இருக்கலாம், புண்பட்ட கருவிழியில் பூவின் பாலும் தூசும் படுவது நல்லதல்ல. வலிக்கிறதே என்று ஐபுபுரூஃபன் மாத்திரையில் ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுப்பது இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஃபெரெட்டின் உடல் அதைத் தாங்காது, சிறு அளவே உயிரை எடுத்துவிடும்.

மேலோட்டமான கீறல் சரியான மருந்தோடு ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். சிரமம் மருந்திடுவதில்தான் இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் போடும் பிளாஸ்டிக் கழுத்துப்பட்டை இதற்கு உதவாது. தலையும் கழுத்தும் ஒரே பருமன் என்பதால் பின்னோக்கி நகர்ந்தே கழற்றிவிடும். பிடரித் தோலைப் பிடித்து உடல் தொங்கும்படி தூக்கினால் பெரும்பாலானவை வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுத் தளர்ந்துவிடுகின்றன. ஆனால் கண்ணில் ஆழமான புண்ணோ பிதுக்கமோ இருக்கும்போது அப்படிப் பிடிப்பதை நான் தவிர்க்கிறேன். கழுத்து நெரிபட்டால் தலைக்குள் இரத்த அழுத்தம் ஏறி, விழிக்கும் அது போய்ச் சேரும். மடியில் மல்லாக்கப் போட்டு, வயிற்று மயிரில் சால்மன் எண்ணெய் சில துளி விட்டால், அதை நக்குவதில் மூழ்கிவிடும். அந்த நேரத்தில் கண்ணின் வெளிமூலையிலிருந்து, துளி கண்முன் வருவது தெரியாதபடி சொட்டிவிடலாம். நகம் வெட்டுவதற்கும் இதே எண்ணெய்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகம் வெட்டிவந்தால் மேலே சொன்ன காயங்களில் பாதி வராது.

கண்ணிலிருந்து பீளை வருவது தனிக் கதை. ஒரு கண்ணில் மட்டும் வந்தால் காயத்தையோ தூசியையோ நினைக்கலாம். இரண்டு கண்ணிலும் வந்தால் பெரும்பாலும் நோய் கண்ணில் இல்லை, உடலில் இருக்கிறது. நம்மூரில் மெட்ராஸ் ஐ வந்தால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வாரம் சமாளிப்பதுபோல் இதைச் சமாளிக்க முடியாது. மனிதருக்கு வரும் இன்ஃபுளுவென்சா ஃபெரெட்டுக்கு அப்படியே தொற்றும். தும்மல், காய்ச்சலோடு கண்ணிலும் நீர் வழியும். அந்த நோயின் வைரஸை மனிதரிடமிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்ததே 1933-இல், லண்டனில், ஃபெரெட்டின் மூக்கில் செலுத்தித்தான். வில்சன் ஸ்மித் என்ற ஆய்வாளர் முகத்தில் ஒரு ஃபெரெட் தும்ம, அவரும் படுத்தார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளே அந்த வைரஸ் வகைக்குப் பெயராயின. ஆகவே நமக்குச் சளிக்காய்ச்சல் என்றால் வேறொருவர் அவற்றுக்குச் சோறு வைப்பது நல்லது.

சளிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் விலகும். டிஸ்டெம்பர் விலகாது. நாய்களிடமிருந்து வரும் இந்த வைரஸ் நோயில் கண்ணோரத்தில் பழுப்புப் பொருக்குக் கட்டி இமைகள் ஒட்டிக்கொள்ளும், மோவாயில் தடிப்பு தோன்றும், பாதங்கள் தடித்து இறுகும். தடுப்பூசி போடாத ஃபெரெட்டுக்கு வந்துவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. இதன் கொடுமைக்கு அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தைப் பார்த்தால் போதும்: அங்கே மீட்டீட்சி என்ற ஊரருகே எஞ்சியிருந்த கருங்கால் ஃபெரெட் என்னும் காட்டு இனத்தை 1985-இல் டிஸ்டெம்பர் தாக்க, இனத்தைக் காப்பாற்றுவதற்குப் பிடித்துவைக்க முடிந்தவை 18 மட்டுமே. பீளைதானே என்று துடைத்துவிட்டுப் போவதற்கு முன் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு கண் மட்டும் மெல்ல முன்னுக்குப் பிதுங்கி வருவது அபூர்வம், வந்தால் அலட்சியம் கூடாது. ஃபெரெட்டின் கண்குழியை எலும்பு முழுமையாகச் சூழ்ந்திருப்பதில்லை. அதனால் பின்னால் எது வீங்கினாலும் விழியைத் தள்ளிவிடும். பல்வேரில் தொடங்கிய சீழ்க்கட்டியாக இருக்கலாம், உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கமாக இருக்கலாம், இந்தப் பிராணிகளில் அதிகம் காணப்படும் லிம்போமா புற்றுநோயாகவும் இருக்கலாம். வாயைத் திறக்கும்போது வலியில் கத்தினால் சீழ்க்கட்டிக்கு வாய்ப்பு மிகுதி. இன்னொரு பக்கம், கண் முழுதும் நன்றாக இருந்தும் பார்வை எங்கோ நிலைகுத்தி நிற்கும் ஃபெரெட்டைக் கண் டாக்டரிடம் காட்டிப் பயனில்லை. நடுவயதைத் தாண்டியவற்றில் கணையக் கட்டியால் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடுவது மிகச் சாதாரணம். வெறித்த பார்வையும், வாயில் எச்சிலும், பின்னங்கால் தள்ளாட்டமும் அதன் அடையாளங்கள்.

கண்புரைக்கு வருகிறேன். கண்மணிக்குள் பால் கலங்கினாற்போல் தெரியும் இதுதான் ஃபெரெட்டின் கண் கோளாறுகளில் அதிகம் காணப்படுவது. முதுமையில் வரலாம், ஒரு வயது ஆகாத கிட்டுகளிலும் வரும், அப்படி வந்தால் பெரும்பாலும் பரம்பரைக் குறை. சரியில்லாத தீனியும் காரணமாகலாம் என்ற கருத்து உண்டு. மனிதருக்குச் செய்வதுபோல் புரையை உடைத்து எடுக்கும் அறுவை சிகிச்சை ஃபெரெட்டுக்கும் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் அவ்வளவு சிறிய கண்ணில், அத்தனை செலவில், மூக்கை நம்பி வாழும் ஒரு பிராணிக்கு அதைச் செய்துதான் ஆகவேண்டுமா என்று கேட்டால் பெரும்பாலான நேரங்களில் வேண்டாம் என்பேன். புரையைவிட அதன் பின்விளைவுகளைத்தான் கண்காணிக்க வேண்டும். முற்றிய புரையிலிருந்து கசியும் புரதம் கண்ணுக்குள் அழற்சியைக் கிளப்பும். லென்ஸ் தன் பிடியிலிருந்து நழுவி முன்னால் வந்து விழலாம். கண்ணுக்குள் நீர் வடியும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறலாம். அப்போது கண் சிவக்கும், கருவிழி நீலம் பாய்ந்து கலங்கும், விழி பெருத்துத் தெரியும். வெள்ளையாக மட்டும் இருந்த கண் சிவப்பாகவும் மாறும் அந்த நாள்தான் அவசரமான நாள்.

அழுத்தம் ஏறிய, பார்வையும் போன கண்ணை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னால், கேட்பவர் முகம் வெளிறிவிடும். முகம் விகாரமாகிவிடுமே என்ற எண்ணம் நமக்குத்தானே தவிர ஃபெரெட்டுக்கு இல்லை. தாங்க முடியாத வலி என்று எப்படித் தெரியும், அது ஒன்றும் கத்தவில்லையே என்பார்கள். ஃபெரெட் பெரும்பாலும் கத்தாது, தூங்கும். அதிகம் தூங்குவதை வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். எடுத்த பிறகு, மயக்கம் தெளிந்து தீனியைத் தேடும் வேகத்தையும், சில நாளில் பழைய குறும்பு திரும்புவதையும் பார்த்தவர்கள் மறுபடி தயங்குவதில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் பட்டினி போடுவதில் மட்டும் கவனம் தேவை. ஃபெரெட்டின் குடலில் உணவு மூன்று நான்கு மணி நேரத்தில் கடந்துவிடும்; நாய்க்குச் சொல்வதுபோல் இரவு முழுதும் வெறும் வயிற்றோடு வைத்தால் சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு கண்ணும் இல்லாத ஃபெரெட்டை வளர்ப்பது, சொல்லப்போனால், வீட்டிலுள்ள மனிதரைப் பழக்குவதுதான். பொருள்களை இடம் மாற்றக் கூடாது. தண்ணீர், தீனி, கழிவுத்தட்டு மூன்றும் நிரந்தர இடத்தில் இருக்க வேண்டும். பல தட்டு வைத்த உயரமான கூண்டைத் தவிர்த்து, விழுந்தாலும் அடிபடாத ஒற்றைத் தளமாக அமைக்க வேண்டும். தொடுவதற்கு முன் பேச வேண்டும். தூங்கும்போது திடீரென்று தொட்டால் பயத்தில் கடிக்கும், அதைக் குணக்கேடு என்று கொள்ளக் கூடாது. நெற்றியில் வெள்ளைப் பட்டையோ தலை முழுதும் வெண்மையோ உள்ள வகைகளில் பிறவிச் செவிடு மிகுதி. அவற்றுக்குக் கண்ணும் போனால் பேசிப் பயனில்லை. கையின் பின்புறத்தை மூக்கருகே நீட்டி மோந்து பார்க்கவிட்டுத் தொட வேண்டும், அல்லது படுக்கையின் ஓரத்தில் விரலால் தட்டி அதிர்வை உணரச் செய்ய வேண்டும்.

கிட்டு வாங்கப் போகிறவர்கள் அதன் கண்ணை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். தாயையும் தந்தையையும் காட்டச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் அவற்றின் கண்மணிகளைப் பார்க்க வேண்டும். முந்தைய ஈற்றுக் குட்டிகளில் எதற்காவது இளவயதில் புரை வந்ததா என்றும் கேட்க வேண்டும். வந்தது, ஆனாலும் ஜோடி நல்ல நிறம் என்று பதில் வந்தால், எவ்வளவு அழகான கிட்டாக இருந்தாலும் வாங்கக் கூடாது. அந்த ஜோடியை மேலும் இனப்பெருக்கம் செய்ய வைப்பதே தவறு. அப்படிப் பிறந்து, புரை தெரிந்ததும் கைவிடப்படும் ஃபெரெட்டுகளைத்தான் தன்னார்வலர் வீடுகளில் நாங்கள் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம்.